கடல்நீர்த் தொட்டியில் ஒட்டு விட்டுப்போனால்: அறிகுறி பார்த்து ஆளைப் பிடிக்கும் வழி

தரையில் இப்போதே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு எழுந்து போங்கள். மற்றவை நாளைக்கு.

எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வேளச்சேரியில் மூன்றாவது மாடி. ஏழு வருடத்தில் இரண்டு முறை கசிந்தது, நான்கு முறை கசிந்ததாக நானே நினைத்துப் பதறினேன். அந்த நான்கில் ஒருமுறை, கண்ணாடிகளை இணைக்கும் நல்ல சிலிக்கான் ஒட்டைப் பிளேடால் கீறி நானே கெடுத்தேன். அதனால் இங்கே பாதிக்கு மேல் எது கசிவு, எது கசிவு இல்லை என்பதைப் பற்றித்தான் இருக்கும். சிலிக்கான் பிதுக்கும் கன்னைக் கையில் எடுப்பது கடைசி வேலை.

நன்னீர்த் தொட்டிக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. நம் தண்ணீர் போன இடமெல்லாம் உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பைப் படிக்கத் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது.

தண்ணீர் ஓடுகிறது, கண்ணால் பார்க்கிறேன்

முதலில் கரண்ட். ஈரத் தரையில் நின்றுகொண்டு தொட்டியின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். வீட்டு மெயின் பெட்டிக்குப் போய் அந்த அறையின் சுவிட்சை இறக்குங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் அது இறங்கினால் மீன் பற்றிய கவலை இரண்டாவதாகிவிடும். மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி வீட்டில் இல்லையென்றால், இந்தக் கசிவு அடங்கியதும் செய்ய வேண்டிய முதல் செலவு அதுதான்.

அடுத்து, தண்ணீரை இறக்குங்கள். விரலை வைத்து அடைப்பது, துணி திணிப்பது, வெளியிலிருந்து எம்-சீல் அப்புவது எதுவும் வேண்டாம். எம்-சீல் மீது குறை இல்லை, அது செய்கிற வேலை இது இல்லை. உள்ளேயிருந்து தள்ளுகிற தண்ணீருக்கு எதிரே வெளியிலிருந்து வைத்த ஒட்டு எதுவும் பெயர்ந்து வரவே பார்க்கும். தண்ணீர் மட்டம் குறைந்தால்தான் தள்ளுவது குறையும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் குறையும். எங்கள் தொட்டியில் நிறைய தண்ணீர் இருக்கும்போது முன் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை கிட்டத்தட்ட 115 கிலோ எடைக்குச் சமம். மட்டத்தைப் பாதியாக இறக்கினால் அந்த விசை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 30 கிலோவுக்கும் கீழே. ஓட்டை அடி மூலையில் இருந்தாலும், பாதி இறக்கியதுமே ஒழுகல் குறையும்.

எதில் பிடிப்பது? சென்னைக்காரர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. லாரித் தண்ணீர்க் காலத்துப் பிளாஸ்டிக் குடங்கள் எந்த வீட்டிலும் பரணில் கிடக்கும். குடம் 15 லிட்டர் என்று வைத்தால் எங்கள் தொட்டியின் பாதித் தண்ணீர் ஒன்பது குடத்தில் அடங்கும். துணி சோப்பு ஊறவைக்கும் பக்கெட்டை மட்டும் தொடாதீர்கள். சோப்பின் எச்சம் பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வராது. இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டவே வேண்டாம். செம்பு கொஞ்சம் கரைந்தாலும் இறாலும் பவளமும் தாங்காது.

மீன்களை மூடியுள்ள டப்பில் விடுங்கள், பயந்த மீன் குதிக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். சம்ப்பில் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருக்கும் ஸ்பாஞ்சையோ செராமிக் வளையங்களையோ அதே டப்பில் போடுங்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அன்று தீனி போடாதீர்கள். லைவ் ராக்கை (பாக்டீரியா குடியேறிய கடல் கல்) தொட்டி நீரிலேயே மூழ்கவைத்து, ஒரு சின்ன பம்ப்பால் நீரைச் சுழலவிடுங்கள். மணலைக் கிளறாதீர்கள். பல வருட மணலின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அந்தத் தண்ணீரில் இருக்கிற மீன் பிழைக்காது.

கீழ் வீட்டில் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் சீலிங்கில் ஈரம் பார்த்து மேலே ஏறி வருவதற்குமுன் நீங்கள் இறங்கிப் போவது நல்லது. "அக்கா, தொட்டி ஒழுகிடுச்சு, கரண்ட் ஆஃப் பண்ணிட்டேன், உங்க ஃபேன் ஸ்விட்சையும் ஆஃப் பண்ணி வைங்க." உப்புத் தண்ணீர் ஃபேன் மாட்டிய கொக்கி வழியாக இறங்கும். எங்கள் கீழ் வீட்டு அக்கா அதற்கப்புறம் ஒரு வருடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மீன் நலம் விசாரித்தார். உண்மையில் விசாரித்தது தொட்டியின் நலத்தைத்தான்.

கண்ணாடி வெளியே நனைந்திருக்கிறது, மட்டம் குறையவில்லை

இது பெரும்பாலும் கசிவே இல்லை, கண்ணாடிக்கு வியர்த்திருக்கிறது. சில்லர் வைத்துத் தண்ணீரை 25 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். மே, ஜூன் மாதங்களில் சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலிருக்கும் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், 25 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஐஸ் மோர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோப்பது போலத்தான் தொட்டிக்கும் கோக்கும். ஏசி ஓடும்போது இருக்காது, ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்த அரை மணியில் வந்துவிடும். அந்த நேரக்கணக்கே பாதி சாட்சி.

மீதி சாட்சிக்கு அந்த ஈரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். ஜோவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, அந்தத் தண்ணீர் வாய்க்குப் போகக் கூடாது. அதற்குப் பதில், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணாடியின் வெளிப்புறத்தை முழுக்கத் துடையுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் உப்புத் தூசி போக வேண்டும், இல்லையென்றால் வியர்வையும் உப்பாகத்தான் தெரியும். திரும்ப ஈரம் வந்ததும் ஒரு சொட்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு, ஃபேனுக்குக் கீழே காயவிடுங்கள். வியர்வை என்றால் ஒன்றும் மிஞ்சாது. கசிவு என்றால் வெள்ளை வட்டம் நிற்கும்.

ஒட்டு மேல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது

உப்பு எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பதுதான் கேள்வி. மேல் விளிம்பில் தடித்து, கீழே வரவர மெலிந்திருந்தால் அது தெறிப்பு. நுரையால் கழிவை எடுக்கும் ஸ்கிம்மர், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர், ஏர் ஸ்டோன் எதுவானாலும் குமிழி உடைந்து பறக்கும் நுண்துளி மூடியின் இடுக்கில் காயும். காய்ந்த உப்பு திரி மாதிரி வேலை செய்து, உள்ளிருக்கும் நீரை விளிம்புக்கு மேலே இழுத்துக்கொண்டே வரும். சில சமயம் அது மூலை வழியாக அடிவரைக்கும் இறங்கி, கீழ் ஒட்டு ஒழுகுவதுபோலவே நடிக்கும். நான் பிளேடு எடுத்தது இப்படி ஒரு நாளில்தான்.

தடிப்பு நடுவிலோ அடியிலோ தொடங்கி மேலே சுத்தமாக இருந்தால் அது ஒட்டின் வேலை.

சந்தேகம் தீரவில்லையென்றால், எல்லா உப்பையும் துடைத்து ஒருநாள் காயவிட்டு, ஒட்டின் வெளிப்பக்கம் முழுக்க விபூதியை விரலால் மெல்லிசாகப் பூசுங்கள். டால்கம் பவுடரும் சரி. அரிசிமாவுக் கோலப்பொடி வேண்டாம், எறும்பு வந்து நிற்கும். கசிகிற இடத்தில் விபூதி நிறம் மாறிக் கருக்கும். மேலிருந்து இறங்குகிற நீர் என்றால் கோடு மேலேயே தொடங்கும். அடியில் ஒரு புள்ளியிலிருந்து கறுத்தால் அந்தப் புள்ளிக்கு நேர் உள்ளே பாருங்கள். ஆனால் உள்ளே ஓட்டை சரியாக அங்கேயே இருக்கும் என்று நம்ப வேண்டாம். மூலைப் பூச்சுக்குப் பின்னால் புகுந்த நீர் கண்ணாடி விளிம்போடு ஒரு அடி நடந்துபோய் வேறெங்காவது வெளியே வரும். சொட்டுகிற இடம் ஒன்று, விட்ட இடம் வேறு.

காலையில் தரையில் தண்ணீர், ஒட்டெல்லாம் காய்ந்திருக்கிறது

ராத்திரி கரண்ட் போனதா என்று கேளுங்கள். சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் அதன் குழாய் வழியாகவே மேல் தொட்டி நீர் சம்ப்புக்குத் திரும்பி இறங்கும். நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் போட்டிருக்கும் சின்னத் துளைதான் காற்றை இழுத்து அதை நிறுத்த வேண்டும். அந்தத் துளையில் பாசி அடைத்திருந்தால் சம்ப் வழிந்துவிடும். கரண்ட் வந்தபின் எல்லாம் பழையபடி ஓடும், தரை மட்டும் ஈரமாக இருக்கும். பகலில் ஒருமுறை நீங்களே பம்ப்பை நிறுத்திப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

துளை போட்ட தொட்டி என்றால் துளையில் குழாயைப் பொருத்தும் பல்க்ஹெட்டைத் தடவிப் பாருங்கள். ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும், கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். ஸ்கிம்மர் கோப்பை, சில்லர் குழாயின் கிளிப் இரண்டையும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எங்கும் ஈரமில்லை, ஆனால் உப்பளவு இறங்கிக்கொண்டே போகிறது

இங்கேதான் நான் முழுசாக ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால்தான் குறைந்த நீருக்குப் பதில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறோம், உப்பளவு நிலையாக நிற்கிறது. ஒழுகும்போது உப்பும் சேர்ந்து போகிறது. அதற்கும் நீங்கள் ஆர்ஓ தண்ணீரையே ஊற்றினால் உப்பளவு இறங்கும். தானாக நீர் நிரப்பும் ஏடிஓ கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது, கருவி ஒழுங்காக மறைத்துவிடும். 250 லிட்டர் தொட்டியிலிருந்து நாளுக்கு 2 லிட்டர் கசிந்தால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பளவு ஒரு வாரத்தில் 33-க்கு வந்துவிடும். நான் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சந்தேகப்பட்டேன். கருவியைச் சரிபார்க்கும் திரவம் வாங்கினேன். உப்புப் பையைச் சந்தேகப்பட்டேன். மே மாதம், ஃபேன் ஓடுகிறது, அதிகம் ஆவியாகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆவியானால் உப்பு ஏறத்தான் செய்யுமே தவிர இறங்காது என்பது தெரிந்திருந்தும் சொன்னேன்.

தண்ணீர் எங்கே போனது? தொட்டிக்கு அடியில் போட்ட தெர்மாகோலின் ஓரமாக ஸ்டாண்டின் மேல் பலகைக்குள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, நீரைக் குடித்துக் குடித்து ஊதியிருந்தது. தரைக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பலகை ஊதியதில் தொட்டியின் ஒரு முனை தூக்கிக்கொண்டது, அது ஒட்டை இன்னும் இழுத்தது.

சோதனை எளிது. ஏடிஓவை நிறுத்துங்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே, அதே ஃபேன் காற்றில், அகலமான டப்பில் அதே தொட்டி நீரை நிரப்பி வையுங்கள். சம்ப் உள்ள தொட்டியில் மட்டம் சம்ப்பில்தான் குறையும், அதனால் ரிட்டர்ன் பம்ப்பையும் ஒரு இரவு நிறுத்திவிட்டு, வேவ்மேக்கரை மட்டும் ஓடவிட்டு, மேல் தொட்டியை அளப்பது நல்லது. டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். டப்பில் 2 மில்லிமீட்டர், தொட்டியிலும் ஏறக்குறைய 2 என்றால் ஆவி. தொட்டியில் மட்டும் 5, 6 என்றால் கசிவு. பிறகு ஸ்டாண்டின் மேல் பலகையை அடியிலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அங்கேதான்.

ஒட்டுக்குள் குமிழி, பளபளப்பு, பாசி

இதைப் பார்ப்பதற்குமுன் ஒன்று தெளிவாக வேண்டும். தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பது தொட்டியைத் தாங்குகிற ஒட்டு. உள்மூலையில் முக்கோணமாகப் பூசியிருப்பது அந்த ஒட்டுக்கு நீரும் பிளேடும் படாமல் காப்பது. இரண்டாவது கெட்டால் நாமே சரிசெய்யலாம். முதலாவது கெட்டால் அது தொட்டியைப் பிரித்துக் கட்டுகிற வேலை.

நடு ஒட்டில் அங்கங்கே புள்ளியாகக் குமிழி இருப்பது செய்யும்போதே வந்தது. அதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். குமிழியைச் சுற்றி வெளியே மார்க்கரால் வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். மாதாமாதம் பார்த்து, வட்டத்துக்குள்ளேயே இருந்தால் விட்டுவிடலாம். வட்டத்தைத் தாண்டினாலோ இரண்டு குமிழி ஒன்றாகச் சேர்ந்தாலோ அது பிரிகிறது. கண்ணாடி வழியாகச் சாய்வாகப் பார்க்கும்போது வெள்ளித்தாள் ஒட்டியதுபோல் ஒரு திட்டு மினுங்கினால், அந்த இடத்தில் சிலிக்கான் கண்ணாடியை விட்டுவிட்டது என்று அர்த்தம். திட்டு ஒட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் நான் அந்தத் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு தூங்க மாட்டேன்.

உள்மூலைப் பூச்சுக்கு அடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ பாசி தெரிந்தால், பூச்சின் ஓரம் தூக்கியிருக்கிறது. கடல்நீர்த் தொட்டியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் நாம்தான். கோரலின் பாசி கல் மாதிரி ஒட்டும். அதைச் சுரண்டப் பிளேடை மூலைவரைக்கும் ஓட்டுகிறோம், பூச்சின் ஓரம் மயிரிழை அளவு கீறுகிறது, பாசி அதற்குள் வேர் விடுகிறது. மூலையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் பிளேடை நிறுத்துங்கள். மூலையில் ஊதாவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மேல் பட்டை விட்டிருக்கிறது, முன் கண்ணாடி உப்பியிருக்கிறது

மேலே ஓரமாகவோ நடுவிலோ ஒட்டிய கண்ணாடிப் பட்டை ஒழுகாது, அதனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் முன்னும் பின்னும் உப்பாமல் பிடித்திருப்பது அதுதான். தொட்டியின் அகலத்தை மேல் விளிம்பில் இரு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். நடுவில் 2, 3 மில்லிமீட்டர் கூடுதல் என்றாலே நான் தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு இறக்கிவிடுவேன். பட்டை முழுசாகப் பிரிந்திருந்தால் கேள்வியே இல்லை, பாதிக்குக் கீழே இறக்குங்கள். உப்பிய நிலையிலேயே பட்டையைத் திரும்ப ஒட்டாதீர்கள். நீர் இறங்கி, கண்ணாடி நேராகி, பழைய சிலிக்கான் முழுக்கச் சுரண்டியபின்தான்.

ஒரே ஒரு கீழ்மூலையில் மட்டும் கசிவு

சிலிக்கானைக் குறை சொல்வதற்குமுன் ரசமட்டத்தை எடுங்கள். நீளவாட்டில், அகலவாட்டில், மூலைக்கு மூலை மூன்றும் பாருங்கள். நான்கு கால் இரும்பு ஸ்டாண்ட், உப்புச் சொட்டு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்துக் கடற்காற்று மூன்றும் சேர்ந்தால் கால் அடியில் துரு தின்று ஒரு கால் குட்டையாகும். தொட்டி முறுக்கிக்கொள்ளும், முறுக்கின் வலி மூலை ஒட்டுக்குத்தான் போகும். ஸ்டாண்டைச் சரிசெய்யாமல் ஒட்டை மட்டும் சரிசெய்தால் ஆறு மாதத்தில் அதே மூலை திரும்ப வரும். தொட்டி நிறைந்திருக்கும்போது அடியில் ஆப்பு சொருகிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள். எங்கள் அளவுத் தொட்டி கல், மணல் எல்லாம் சேர்த்து 350 கிலோவைத் தொடும். ஆப்பு முனை அழுத்துகிற இடத்தில் கண்ணாடி விரிசல் விடும்.

விரிசலே விட்டிருந்தால், அடிக்கண்ணாடியிலோ முன்கண்ணாடியிலோ, ஒட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடியை மாற்றுங்கள்.

இனி வேலை

உள்மூலைப் பூச்சு மட்டும் கெட்டிருக்கிறது, நடு ஒட்டு நன்றாக இருக்கிறது என்றால் தொடங்கலாம். நடு ஒட்டும் போய்விட்டது, உயரம் 2 அடி, கண்ணாடி 12 மில்லிமீட்டர் என்றால் தொட்டி செய்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கொளத்தூரில் கடைக்குக் கடை ஆள் உண்டு. பழையதைப் பிரித்துக் கட்டும் கூலி, புதுத்தொட்டி விலை இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பல நேரம் புதியதுதான் கட்டுப்படியாகும்.

முதல் கசிவின்போது, விட்ட இடத்தில் மட்டும் மேலாக இன்னொரு கோடு சிலிக்கான் இழுத்தேன். பத்து நாள் நின்றது. கொளத்தூரில் தொட்டி கட்டுகிற அண்ணனிடம் போனபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, பழசு மேல புதுசு ஒட்டாது. ஒட்டின மாதிரி நடிக்கும்." காய்ந்த சிலிக்கான்மீது எதையும் நம்பி ஒட்ட முடியாது, புதுச் சிலிக்கானையும்தான். அதனால் கசிகிற மூலையை மட்டும் சுரண்டுவதிலும் லாபம் கம்மி. புதியதும் பழையதும் சந்திக்கிற இடம் அடுத்த கசிவாகும். உள்ளே இருக்கும் பூச்சு அனைத்தையும் எடுத்துவிட்டு ஒரே தடவையில் பூசுவதுதான் முறை.

தொட்டியைக் காலி செய்து நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவுங்கள். சுண்ணாம்பாகப் படிந்ததற்கு வினிகர், பிறகு மறுபடி நல்ல தண்ணீர். ஒருநாள் ஃபேன் போட்டு உலர்த்துங்கள். உப்பு ஒரு படலம் மிஞ்சினாலும் சிலிக்கான் கண்ணாடியைப் பிடிக்காமல் உப்பைப் பிடிக்கும்.

பிளேடைக் கண்ணாடியோடு படுக்கவைத்து ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம் அறுத்தால் பூச்சு நாடாவாக உரிந்து வரும். பிளேடின் முனை இரண்டு கண்ணாடிக்கு நடுவே போகவே கூடாது. போனால் தாங்குகிற ஒட்டை அறுத்துவிட்டீர்கள். உரித்தபின்னும் கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கும். அசிட்டோன் சிலிக்கானைக் கரைக்காது, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும்தான் எடுக்கும். படலம் போவது பிளேடால் மட்டுமே. போனதா என்று தெரிய, ஒரு சொட்டு நீரை அந்த இடத்தில் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் படலம் இன்னும் இருக்கிறது. பரவிப் படிந்தால் கண்ணாடி சுத்தம். இந்த ஒரு சோதனைக்காக நான் இரண்டு சாயங்காலம் செலவழித்தேன், அது வீண் போகவில்லை. கடைசியாக அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

சிலிக்கான் வாங்கும்போது குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள். பூஞ்சை எதிர்ப்பு, பாத்ரூம், சானிட்டரி என்று எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அதில் கலந்திருக்கும் பூஞ்சைக்கொல்லி நம் உயிர்களையும் கொல்லும். அக்ரிலிக் சீலன்ட் என்பது வேறு பொருள், நீருக்குள் நிற்காது. மீன் தொட்டிக்கு ஏற்றது என்று போட்ட, காயும்போது வினிகர் வாசம் அடிக்கிற சுத்தச் சிலிக்கான் போதும். தயாரித்த தேதியும் முக்கியம். நம் ஊர் வெயிலில் குடோனில் கிடந்த பழைய குழாய் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும். ஒரு துளியைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணியாகியும் தோல் கட்டவில்லையென்றால் அந்தக் குழாயைக் குப்பையில் போடுங்கள்.

மூலையின் இரு பக்கமும் 8 மில்லிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒருவர் கன்னைப் பிடிக்க, இன்னொருவர் கையுறை போட்ட விரலால் ஒரே இழுப்பில் அழுத்தித் தேய்க்க வேண்டும். எனக்கு அக்கா மகன் வந்தான். "மாமா, திரும்பத் திரும்பத் தேய்க்காதீங்க" என்று அவன் கத்தியது நியாயம்தான். சென்னை ஈரக்காற்றில் ஐந்து நிமிடத்தில் தோல் கட்ட ஆரம்பிக்கும், அதற்குமேல் தொட்டால் கிழியும். தோல் கட்டுமுன் டேப்பை உரித்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் விரலை நனைக்கும் பழக்கத்தை ஜன்னல் வேலையோடு விட்டுவிடுங்கள்.

பிறகு ஏசி போட்டு உலர்த்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. இது பெயின்ட் இல்லை. இந்த வகைச் சிலிக்கான் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது, ஏசி அந்த ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில்கூட இது நன்றாகவே இறுகும். அந்தக் காலத்தில் கஷ்டம் பூசுவதற்குமுன் கண்ணாடியை உலர்த்துவதில்தான். மேலிருந்து உள்நோக்கி நாளுக்கு 2, 3 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் இறுகும். வெறும் பூச்சு என்றால் ஒரு வாரம் விடுங்கள், பிரித்துக் கட்டியது என்றால் இரண்டு வாரம். வினிகர் வாசம் அடங்காதவரை தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

முதல் தண்ணீர் உப்பில்லாதது. தினசரித் தாளை ஒட்டு நெடுக அடியில் விரித்து, அதே ஸ்டாண்டில், மூன்றில் ஒரு பங்கு ஊற்றி ஒருநாள், இன்னொரு பங்கு ஊற்றி ஒருநாள், நிறைத்து இரண்டு நாள். தாள் நனைந்திருந்தால் எந்தப் பத்தி என்று பார்த்தாலே இடம் தெரியும். காய்ந்தே இருந்தால் அந்த நீரைக் கொட்டிவிட்டு உப்புநீருக்கு மாறலாம். குடத்தில் வைத்த பழைய நீர் இத்தனை நாளில் கெட்டிருக்கும், புதிதாகக் கலக்குங்கள். 100 லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ உப்பு. பழைய மணலைக் கழுவாமல் போடாதீர்கள். கல்லை முதலில் வைத்து, இரண்டு நாள் அம்மோனியா பார்த்து, பூஜ்யம் என்றால் மீனை விடுங்கள்.

ஏடிஓவை முதல் இரண்டு வாரம் மாட்டாதீர்கள். கையால் ஊற்றுங்கள், எத்தனை சொம்பு என்று ஸ்டாண்ட் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கள் கதவில் 4, 4, 5, 4 என்று இருக்கிறது. அந்த 5 அன்று ஜன்னல் திறந்திருந்தது.